பொறியின் முன் நிற்கும் மனிதன்

நவம்பர் மாதத்தின் ஒரு காலைப்பொழுது. வேறு வேலையாக ஒரு வங்கிக் கிளைக்குச் சென்றிருந்தேன். அங்கே ஓய்வூதியம் பெறுவோர் நீண்ட வரிசையில் நின்றிருந்தார்கள். தாம் உயிருடன் இருப்பதை ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் மெய்ப்பிக்க வேண்டும். அதற்கான ‘வாழ்வுச் சான்று’ கொடுக்கும் மாதம் அது.

எனக்கு முன்னால் இருந்த முதியவர் ரயில்வேயில் இருப்புப்பாதைத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். கவுண்டரில் இருந்த பெண் ஊழியர் கைரேகைக் கருவியை அவர் பக்கம் நகர்த்தினார். பெரியவர் விரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. மற்றொரு விரலை வைத்தார். மீண்டும் சிவப்பு விளக்கே எரிந்தது.

“நல்லா அழுத்துங்க ஐயா.”

“அழுத்தித்தானேம்மா வச்சிருக்கேன்.”

“ரேகை விழ மாட்டேங்குதே!”

“முப்பது வருஷம் ஜல்லியும் தண்டவாளமும் பிடிச்ச கை. இதுல என்ன ரேகை இருக்கும்மா?”

பத்து விரல்களும் தோற்றன. “அடுத்த வாரம் வந்து பாருங்க” என்று பதில் வந்தது. பெரியவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “மன்னிச்சுக்கம்மா, உன் நேரத்தையும் கெடுத்துட்டேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மன்னிப்புக் கேட்டவர் அவர்! கருவியும் கேட்கவில்லை, அந்தக் கருவியை அங்கே வைத்தவர்களும் கேட்கவில்லை. பின்னர் நான் விசாரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. வாழ்வுச் சான்றை வங்கியிலேயே காகிதப் படிவத்தில் கையெழுத்திட்டும் கொடுக்கலாம். படிவம் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. “கேட்டிருந்தால் கொடுத்திருப்போமே” என்றார்கள். இப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாதவர் அதை எப்படிக் கேட்பார்?

மக்களுக்குச் சேவை செய்யும் பொறிகளையும் கவுண்டர்களையும் திறனாய்வு செய்வதற்கு இந்தச் சிறு நிகழ்ச்சி ஒரு நல்ல தொடக்கம். நாடகத்தையும் நூலையும் விமர்சிக்கிறோம். நாள்தோறும் நம் முன் நிற்கும் சேவை அமைப்புகளை மட்டும் ஏன் விமர்சிப்பதில்லை? அவற்றையும் மனிதர்கள்தாம் சிந்தித்து அமைக்கிறார்கள். ஆகவே நன்றாகவும் அமைக்கலாம், மோசமாகவும் அமைக்கலாம்.

எதை வைத்து மதிப்பிடுவது?

ஒரு சேவை எவ்வளவு விரைவாக நடக்கிறது என்று பார்ப்பது ஓர் அளவு. எத்தனை பேருக்குப் பயன்படுகிறது என்பது மற்றோர் அளவு. இவற்றைவிட ஆழமான அளவு ஒன்று உண்டு. ஏதேனும் தவறு நேரும்போது அந்தச் சேவை யாரைக் குற்றவாளியாக்குகிறது? தவறின் சுமை யார் தலையில் விழுகிறது?

அமெரிக்க உளவியல் அறிஞர் டொனால்டு நார்மன் 1988-ஆம் ஆண்டில் அன்றாடப் பொருள்களின் உளவியலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ‘மனிதத் தவறு’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவதில் பெரும்பகுதி உண்மையில் அமைப்பின் தவறே என்பது அவர் வாதம். இழுக்க வேண்டிய கதவில் தள்ளுவதற்கேற்ற தகட்டைப் பொருத்தியிருந்தால் எல்லாரும் தள்ளத்தான் செய்வார்கள். அவர்களை முட்டாள்கள் என்பதில் பொருளில்லை. கதவைச் செய்தவர் மனிதனின் கையைப் பற்றி யோசிக்கவில்லை என்பதுதான் பொருள்.

நல்ல தையற்காரர் முதலில் அளவெடுக்கிறார். பிறகுதான் துணியை வெட்டுகிறார். சேவையை அமைப்பவரும் அப்படியே மனிதனை அளவெடுக்க வேண்டும். அவன் எவ்வளவு நேரம் காத்திருப்பான், எத்தனை எண்களை நினைவில் வைத்திருப்பான், எந்த இடத்தில் மறப்பான், அவன் விரல்தோல் எப்படி இருக்கும் என்பனவெல்லாம் அளவெடுக்கக்கூடியவையே. ஒரு வங்கிக் கிளையைச் சுற்றி வந்து இந்த அளவுகளைப் பார்ப்போம்.

வரிசையின் கணக்கு

முதலில் கண்ணில் படுவது வரிசை. காத்திருப்பதைப் பற்றி ஒரு முழுக் கணிதத் துறையே உள்ளது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அதற்கு அடித்தளம் இட்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த அக்னர் கிராரப் எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் பணியாற்றிய அவர், தொலைபேசி அழைப்புகளின் வரவைப் பற்றிய தம் முதல் ஆய்வுரையை 1909-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு கவுண்டரில் ஒருவரின் வேலை முடியச் சராசரியாக 4 நிமிடம் ஆகிறது. ஆட்கள் முன்பின்னாக, எந்த ஒழுங்குமின்றி வருகிறார்கள். சிலருடைய வேலை விரைவில் முடிகிறது, சிலருடையது இழுக்கிறது. ஊழியருடைய நேரத்தில் பாதியளவு, அதாவது நூற்றுக்கு 50 பங்கு, வேலை இருந்தால் ஒருவர் வரிசையில் காத்திருக்கும் சராசரி நேரம் 4 நிமிடம். வேலை 80 பங்கானால் காத்திருப்பு 16 நிமிடம். 90 பங்கானால் 36 நிமிடம். 95 பங்கானால் 76 நிமிடம்!

80-லிருந்து 95-க்கு ஏறுவது நிர்வாகியின் கண்ணுக்குச் சிறிய முன்னேற்றமாகத் தோன்றும். “ஊழியர் சும்மா இருப்பதில்லை” என்று அவர் மகிழ்வார். ஆனால் வரிசையில் நிற்பவருக்கு அது ஏறத்தாழ ஐந்து மடங்குத் தண்டனை. காரணம் எளிது. யாரும் வராமல் கழிந்துவிட்ட நிமிடங்களைச் சேமித்து வைத்துக் கூட்டம் வரும்போது செலவிட முடியாது. ஊழியருக்குச் சற்று ஓய்வு இருந்தால்தான் திடீரென்று வரும் கூட்டத்தைத் தாங்க முடியும். அந்த ஓய்வை வீண்செலவு என்று வெட்டுகிறவர் செலவைக் குறைப்பதில்லை. அதை வாடிக்கையாளரின் கால்களுக்கு மாற்றிவிடுகிறார்.

அதே கணக்கு ஒரு நல்ல செய்தியும் சொல்கிறது. இரண்டு கவுண்டர்களுக்கு இரண்டு தனி வரிசைகள். ஒரு வரிசையிலிருந்து மற்றொன்றுக்கு மாற முடியாது. இரண்டிலும் 90 பங்கு வேலை. அப்போது காத்திருப்பு 36 நிமிடம் என்று கண்டோம். அந்த இரு வரிசைகளையும் ஒன்றாக்கி, எந்தக் கவுண்டர் காலியானாலும் அடுத்தவர் அங்கே போகலாம் என்று வைத்தால் காத்திருப்பு ஏறத்தாழ 17 நிமிடமாகக் குறைந்துவிடும். புதிய ஆள் வேண்டாம், புதிய பொறியும் வேண்டாம். ஒரு கயிறு கட்டினால் போதும்! இன்று பல கிளைகளில் காணும் டோக்கன் முறை இந்தக் கயிற்றின் மின்னணு வடிவமே. அந்த வகையில் அது பாராட்டத்தக்கது.

ஆனால் குறையும் உண்டு. ‘உங்கள் எண் 47’ என்று சொல்லும் டோக்கன், ‘இன்னும் ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும்’ என்று சொல்வதில்லை. காத்திருப்பதன் உளவியலைப் பற்றி 1985-இல் எழுதிய டேவிட் மைஸ்டர், காரணம் தெரியாத காத்திருப்பு காரணம் தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும் என்று சுட்டிக் காட்டினார். எவ்வளவு நேரம் என்று தெரிந்தால் முதியவர் சற்று உட்காரலாம், ஒரு தேநீர் அருந்திவிட்டு வரலாம். தெரியாவிட்டால் பலகையையே வெறித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நான்கு இலக்கங்களும் ஒரு மறதியும்

வங்கியின் வாசலில் நிற்பது ஏ.டி.எம். எனப்படும் பணம் வழங்கும் பொறி. 1967-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் லண்டனின் வடபகுதியான என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கிக் கிளையில் இத்தகைய பொறி ஒன்று இயங்கத் தொடங்கியது. அதை உருவாக்கியவர் ஜான் ஷெப்பர்டு-பாரன். அவர் பிறந்தது நம் நாட்டின் ஷில்லாங் நகரில்! அந்தப் பொறியில் இன்றுள்ளது போன்ற அட்டை கிடையாது. கார்பன்-14 என்னும் கதிரியக்கப் பொருள் சிறிதளவு பூசப்பட்ட காகிதச் சீட்டைப் போட வேண்டும். இரகசிய எண்ணையும் தர வேண்டும். ஒரு தடவைக்கு 10 பவுன் கிடைக்கும். இரகசிய எண் பற்றிய சிந்தனை அவருக்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஜேம்ஸ் குட்ஃபெல்லோ 1966-இலேயே அத்தகைய முறைக்குக் காப்புரிமை கோரியிருந்தார்.

இரகசிய எண்ணில் ஏன் நான்கு இலக்கங்கள்? ஷெப்பர்டு-பாரன் முதலில் ஆறு இலக்கங்களையே எண்ணியிருந்தார். தம் மனைவியிடம் கேட்டபோது, தம்மால் நான்கு இலக்கங்களைத்தான் நினைவில் வைத்திருக்க முடியும் என்றார் அவர். அதனால் நான்காயிற்று என்று ஷெப்பர்டு-பாரனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பொறியைப் பயன்படுத்தப் போகிற ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டதன் பயனை உலகம் இன்றும் அனுபவித்து வருகிறது. அளவெடுத்துத் தைத்தல் என்று நான் சொன்னது இதைத்தான்.

பின்னர் அட்டை வந்தது. பொறி அதைப் படித்துவிட்டுத் திருப்பித் தரும். இங்கே ஒரு புதிய தொல்லை முளைத்தது. பல பொறிகள் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு அதன் பிறகே அட்டையை வெளியே தள்ளின. மக்கள் பணத்தை எடுத்துக்கொண்டு அட்டையை மறந்துவிட்டுப் போனார்கள். ஜெராக்ஸ் எடுத்தபின் மூலப் பத்திரத்தைப் பொறியிலேயே விட்டுவிட்டு வருகிறோமே, அதே வகை மறதிதான் இது.

இதற்கு உளவியல் தரும் விளக்கம் சுவையானது. நாம் ஒரு வேலையில் ஈடுபடும்போது அதன் நோக்கமும் அதைச் சார்ந்த சிறு படிகளும் நம் தற்காலிக நினைவில் விழிப்புடன் நிற்கின்றன. நோக்கம் நிறைவேறியதும் அந்த விழிப்பு தளர்ந்துவிடுகிறது. பணம் எடுக்க வந்தோம், பணம் கைக்கு வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று மனம் தீர்மானிக்கிறது. அதற்குப் பின் எஞ்சியிருக்கும் படி எதுவானாலும் அது மறக்கப்படும் ஆபத்தில் இருக்கிறது. பர்ன், போவைர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1997-இல் இத்தவறு தற்காலிக நினைவின் சுமையோடு தொடர்புடையது என்று சோதனைகளின் வழியே காட்டினார்கள். நினைவின் சுமை கூடக் கூட இம்மறதியும் கூடுகிறது. மனத்தில் ஆயிரம் கவலையுடன் மருத்துவச் செலவுக்குப் பணம் எடுக்க வந்தவரே அட்டையை மறக்கக்கூடியவர்.

இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று, ‘அட்டையை எடுக்க மறவாதீர்’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவது. மற்றொன்று, வரிசையை மாற்றுவது. அதாவது அட்டையை எடுத்தால்தான் பணம் வரும் என்று அமைப்பது. முதல் மருந்து மனிதனைத் திருத்தப் பார்க்கிறது. இரண்டாவது பொறியைத் திருத்துகிறது. பணத்தை மறந்துவிட்டுப் போகிறவர் அரிது. ஆகவே அட்டை முதலில், பணம் பிறகு என்ற ஒரே மாற்றம் அந்த மறதிக்குக் கதவை அடைத்துவிட்டது. ஒரு விளம்பரப் பலகையும் இவ்வளவு வேலை செய்திராது.

எச்சரிக்கை போதுமா?

கைபேசியில் பணம் அனுப்பும் யு.பி.ஐ. முறை நம் நாட்டில் 2016-இல் வந்தது. அதிலும் இதே பாடத்தை மறுபடியும் படிக்க வேண்டியிருந்தது. பணத்தை அனுப்ப இரகசிய எண் வேண்டும். பெறுவதற்கு அது வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் மற்றொருவரிடம் ‘எனக்கு இவ்வளவு பணம் கொடு’ என்று கோரிக்கை அனுப்பும் வசதியும் அதில் இருந்தது. ஏமாற்றுக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். “உங்களுக்குப் பணம் வருகிறது, இரகசிய எண்ணைப் போடுங்கள்” என்பார்கள். நம்பியவர் எண்ணைப் போடுவார். அவருடைய பணம் போய்விடும்.

‘பணம் பெற இரகசிய எண் தேவையில்லை’ என்று ஆண்டுக்கணக்கில் அறிவுறுத்தல்கள் வந்தன. அவை உண்மையே, ஆனால் அவையும் மனிதனைத் திருத்தும் மருந்துதான். இறுதியில் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தனியாள் தனியாளிடம் இவ்வாறு கோரிக்கை அனுப்பும் வசதியை நிறுத்தும்படி தேசியப் பணம் செலுத்துகைக் கழகம் உத்தரவிட்டது. இது வரவேற்கத்தக்கது. முன்னரே வந்திருக்க வேண்டியது என்று சொல்வதும் விமர்சகனின் கடமை.

அதே முறையில் ஒரு நல்ல அமைப்பையும் காண்கிறோம். காய்கறிக் கடையில் பணம் வந்ததும் ‘இருபது ரூபாய் பெறப்பட்டது’ என்று உரக்கச் சொல்லும் சிறு பேசும் பெட்டி அது. தராசைப் பிடித்த கையை விடாமல், வாங்கியவரின் கைபேசியை எட்டிப் பார்க்காமல், எழுத்துப் படிக்கத் தெரியாவிட்டாலும் கடைக்கார அம்மாளுக்குச் செய்தி போய்ச் சேருகிறது. அதைச் செய்தவர் கடையில் சற்று நேரமாவது நின்று பார்த்திருக்க வேண்டும்.

தேய்ந்த விரல்

இனி நம் பெரியவரிடம் திரும்புவோம். ‘ஜீவன் பிரமாண்’ எனப்படும் மின்னணு வாழ்வுச் சான்று முறை 2014-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் தொடங்கப்பட்டது. அதன் நன்மையை மறுப்பதற்கில்லை. மகனுடன் வேறு ஊரில் இருப்பவர், பழைய கிளை வரை பயணம் செய்ய வேண்டியதில்லை. கைரேகை அல்லது கருவிழியின் அமைப்பைக் கொண்டு இருந்த இடத்திலிருந்தே சான்று தரலாம்.

குறை எங்கே வந்தது? விரலின் ரேகைகள் நாம் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகின்றன. அவற்றின் அமைப்பு வாழ்நாள் முழுவதும் மாறுவதில்லை. ஆனால் அமைப்பு மாறாமல் இருப்பது வேறு, கருவியில் தெளிவாகப் பதிவது வேறு. முதுமையில் தோல் வறண்டு நெகிழ்ச்சியை இழக்கிறது. ரேகைகளின் மேடுகள் தாழ்கின்றன. கல், சுண்ணாம்பு, சிமெண்டு ஆகியவற்றோடு உழைத்த கையில் அவை மேலும் தேய்ந்திருக்கும். கருவி தேடுவதோ அந்த மேடுகள் முடியும் இடங்களையும், இரண்டாகக் கிளைக்கும் இடங்களையும். அவை தெளிவாக விழாவிட்டால் அதற்கு ஆளை அடையாளம் தெரியாது.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. கைரேகைக் கருவி ‘இவர்தாம்’ என்றோ ‘இவர் அல்லர்’ என்றோ நேரடியாக அறிவதில்லை. பழைய பதிவுக்கும் புதிய பதிவுக்கும் உள்ள ஒற்றுமைக்கு ஒரு மதிப்பெண் போடுகிறது. அந்த மதிப்பெண் ஒரு வரம்பைத் தாண்டினால் ஏற்கிறது, தாண்டாவிட்டால் மறுக்கிறது. வரம்பை உயர்த்தினால் போலிகள் நுழைவது குறையும். உண்மையானவர்கள் மறுக்கப்படுவது கூடும். வரம்பைத் தாழ்த்தினால் நேர்மாறாகும். ஒரே கருவியில் இரண்டு தவறுகளையும் ஒருசேரக் குறைத்துவிட முடியாது.

ஆகவே வரம்பை எங்கே வைப்பது என்பது வெறும் பொறியியல் கேள்வியன்று. எந்தத் தவறு கொடியது என்று தீர்மானிக்கும் கேள்வி அது. போலி ஒருவர் ஏற்கப்பட்டால் கருவூலத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் இழப்பு. உண்மையானவர் மறுக்கப்பட்டால் ஒரு முதியவரின் மாத வருவாய் நின்றுபோகும். மருந்து வாங்குவதும் நின்றுபோகும். முதல் இழப்பு கணக்கில் ஏறுகிறது. இரண்டாவது இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. எண்ணப்படாத தவறு திருத்தப்படுவதும் அரிது.

2021-ஆம் ஆண்டு நவம்பரில் முகத்தைக் கைபேசியின் கேமராவில் காட்டிச் சான்று தரும் வழியும் சேர்க்கப்பட்டது. தேய்ந்த விரல்களுக்கு அது நல்ல மாற்று. எனினும் அன்று நான் கண்ட கவுண்டரில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை; காகிதப் படிவத்தைப் பற்றியும் பேசவில்லை. இரண்டு மாற்று வழிகள் விதியில் இருந்தன. சிவப்பு விளக்கு எரிந்த இடத்தில் இரண்டும் இல்லை. ‘ரேகை பதியவில்லையா? முகம் காட்டலாம், அல்லது இந்தப் படிவத்தில் கையெழுத்திடலாம்’ என்று கருவியின் திரையே சொல்லியிருந்தால், அந்த ஊழியரும் சொல்லியிருப்பார். அவர் மேல் நான் குறை காணவில்லை. பின்னால் நாற்பது பேர் நிற்க, நூற்றுக்கு 95 பங்கு வேலையில் அழுந்திக் கிடப்பவருக்கு மாற்று வழி நினைவுக்கு வராமல் போவதும் அமைப்பின் தவறே. நாம் முன்னர் கண்ட வரிசைக் கணக்கும், நினைவின் சுமையும், தேய்ந்த தோலும் அந்த ஒரே கவுண்டரில் ஒன்றுசேர்ந்து நின்றன.

நம் தீர்ப்பு

பொறியை ஒதுக்கிவிட்டுப் பழைய பேரேட்டுக் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது என் கருத்தன்று. பேரேட்டுக் காலத்திலும் முதியவர்கள் வரிசையில் நின்றார்கள். சிபாரிசு இல்லாதவர் மேலும் அதிக நேரம் நின்றார்கள். பொறி ஆளுக்கு ஆள் முகம் பார்ப்பதில்லை. நள்ளிரவிலும் பணம் தருகிறது. இவை பெரிய நன்மைகள்.

ஆனால் பொறிக்கு ஒன்று தெரியாது. தான் தோற்றுவிட்டோம் என்பது அதற்குத் தெரியாது. எதிரில் இருப்பவர் தோற்றார் என்றே அது அறிவிக்கும். அதனால்தான் பொறி தோற்கும் இடத்தில் ஒரு மனிதரும், அவர் கையில் ஒரு மாற்று வழியும், அதைப் பயன்படுத்த அவருக்கு நேரமும் இருக்க வேண்டும். இம்மூன்றும் சேர்ந்ததே சேவை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அங்கே இருப்பது சேவையன்று, வெறும் கருவிதான்.

இளைய வாசகர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஏதேனும் ஒரு கவுண்டருக்கோ பொறிக்கோ எதிரே ஒரு மணி நேரம் ஒதுங்கி நின்று கவனியுங்கள். எத்தனை பேர் தயங்குகிறார்கள், எந்த இடத்தில் தயங்குகிறார்கள், யாரிடம் உதவி கேட்கிறார்கள், எத்தனை பேர் வேலை முடியாமல் திரும்புகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பலர் ஒரே இடத்தில் தடுமாறினால் தவறு அவர்களுடையதன்று என்பதற்கு அதுவே சான்று.

அடுத்த வாரம் அந்தப் பெரியவர் மீண்டும் வந்தாரா, எனக்குத் தெரியாது. வந்திருந்தால், அவருக்கு முதலில் கிடைத்திருக்க வேண்டியது படிவம் அன்று, ஒரு மன்னிப்பு.